புள்ளிகளும் பதக்கங்களும்: நன்றியை மென்பொருளிடம் ஒப்படைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். கல்லூரியின் முன்னாள் மாணவர்களும் இப்போது படிப்பவர்களும் சேர்ந்து இணையத்தில் ஒரு நிரலாக்கக் கேள்வி-பதில் குழு நடத்துகிறீர்கள். உறுப்பினர்கள் 400 பேர் இருக்கிறார்கள், பதில் எழுதுகிறவர்கள் பத்துப் பேர்தான். அந்தப் பத்துப் பேரிலும் இரண்டு பேர் சமீபத்தில் ஒதுங்கிவிட்டார்கள். புள்ளி, பதக்கம், முதலிடப் பட்டியல் எல்லாம் கொண்டுவந்தால் பங்கேற்பு கூடுமா, இல்லை சிறுபிள்ளை விளையாட்டாகி இருக்கிற மரியாதையும் போய்விடுமா என்பது உங்கள் கேள்வி. இந்தப் பதக்கங்களை வேலைக்கான விண்ணப்பத்தில் போடலாமா என்று கடைசி வரியில் ஒரு துணைக்கேள்வியும் வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பேச்சு பதக்கத்தைப் பற்றி இருந்தாலும், உங்களை உறுத்துவது ஒதுங்கிப்போன அந்த இரண்டு பேர்தான் என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் அந்த வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள். நான் பதினொரு ஆண்டுகளாக நிரலாக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வருகிறேன். அதில் ஆறு ஆண்டுகள் ஒரு தன்னார்வக் குழுவில் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராகவும் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவருக்கு வழிகாட்டுவதை மென்பொருளிடம் ஒப்படைக்கலாம். நம்பிக்கைக்கு உரியவரிடம் சாவி, அதாவது கூடுதல் அதிகாரம், கொடுப்பதையும் ஒப்படைக்கலாம். நன்றி சொல்வதை ஒப்படைக்க முடியாது. பல இடங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால்தான் பதக்கங்கள் கெட்டுப்போயின.

முதலில், 400-ல் பத்துப் பேர் என்ற கணக்கைப் பார்த்துக் கலங்காதீர்கள். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் வருகிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதினார். அது துல்லியமான விதி இல்லை, குத்துமதிப்பான அளவுதான். அந்த அளவில் வைத்துப் பார்த்தால் உங்கள் குழு சராசரிக்கு மேலேயே நிற்கிறது. மீதி 390 பேரைப் பதக்கத்தால் இழுத்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சும்மா படித்துவிட்டுப் போகிறவரும் பயனடைகிறார், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. கவனிக்க வேண்டியவர்கள், எழுதிக்கொண்டிருக்கும் எட்டுப் பேரும், முதல் பதிலை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பத்து இருபது பேரும்.

புள்ளிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எடுத்துக்காட்டுகிறார்கள். ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-ல் தொடங்கிய நிரலாக்கக் கேள்வி-பதில் தளம் அது. அங்கே புள்ளி எதற்கு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாகச் சேர்கிறவர் 1 புள்ளியோடு தொடங்குகிறார். 15 புள்ளி சேர்ந்தால் பிறர் எழுதியதற்கு ஆதரவு வாக்குப் போடலாம். 50 சேர்ந்தால் எங்கு வேண்டுமானாலும் பின்னூட்டம் எழுதலாம், 125-ல் எதிர்வாக்கு. 2,000 வந்துவிட்டால் பிறர் எழுதியதை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம், 3,000-ல் ஒரு கேள்வியை மூடவேண்டும் என்று வாக்களிக்கலாம். ஆக, ஒவ்வொரு கட்டத்திலும் கைக்கு ஒரு சாவி வருகிறது. ஊதியம் வாங்கும் ஊழியர்கள் செய்யவேண்டிய துப்புரவு வேலையை, தளத்தின் போக்கு பிடிபட்ட பயனர்களிடமே கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்கும் ஏற்பாடு இது. கெடுபிடிகளும் உண்டு. பதிலுக்கு ஆதரவு வாக்கு விழுந்தால் 10 புள்ளி கூடும், எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போடுகிறவருக்கும் 1 புள்ளி குறையும். மனம்போன போக்கில் அடுத்தவரைக் கீழே தள்ளாமல் இருக்க அந்த ஒரு புள்ளி போதுமானதாக இருக்கிறது. வாக்குகளால் ஒரு நாளில் சேரும் புள்ளிக்கு 200 என்று உச்சவரம்பும் இருக்கிறது.

புள்ளியின் மதிப்பை முடிவு செய்வது எளிதான காரியம் இல்லை என்பதற்கு அங்கேயே சான்று இருக்கிறது. தொடக்கத்தில் நல்ல கேள்விக்கும் நல்ல பதிலுக்கும் ஒரே அளவு புள்ளிதான். 2010-ல் கேள்விக்குரிய புள்ளியை 5-ஆகப் பாதியாக்கினார்கள். 2019-ல் மறுபடியும் 10-ஆக உயர்த்தினார்கள். கேள்வி கேட்பது பதில் சொல்வதில் பாதி மதிப்புள்ளதா, சமமானதா என்பதில் அதைக் கட்டியவர்களுக்கே இத்தனை தடுமாற்றம் இருந்திருக்கிறது. நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணும், எது உயர்ந்த வேலை, எது தாழ்ந்த வேலை என்ற தீர்ப்பாகவே படிக்கப்படும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களைத் தொடுங்கள்.

பதக்கங்கள் புள்ளியிலிருந்து வேறுபட்டவை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எனக்கு மிகவும் பிடித்தவை தங்கப் பதக்கங்கள் அல்ல, சாதாரண வெண்கலப் பதக்கங்கள்தான். தளத்தின் அறிமுகப் பக்கத்தை முழுவதும் படித்தால் ஒன்று கிடைக்கும். முதல் பதிலுக்கு ஒரே ஒரு ஆதரவு வாக்கு விழுந்தால் 'டீச்சர்' கிடைக்கும். ஒருவருடைய கேள்விக்கு ஒரு வாரம் வரை பதிலும் இல்லை, பின்னூட்டமும் இல்லை, எட்டிப் பார்த்தவர்களும் குறைவு என்றால் 'டம்பிள்வீட்' என்று ஒன்று, பாலைவனத்தில் உருண்டு போகும் காய்ந்த புதரின் பெயரில் ஓர் ஆறுதல். இவற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 'பியர் பிரஷர்' என்ற பதக்கத்தை. எதிர்வாக்குகள் விழுந்து வாக்குக் கணக்கு மைனஸ் மூன்றுக்கோ அதற்குக் கீழேயோ போய்விட்ட தன் பதிவை எழுதியவர் தானே நீக்கினால் அது கிடைக்கும். தவறாக எழுதிவிட்டோம், ஊரே பார்த்துவிட்டது என்று கூனிக் குறுகும் நேரம் அது. அந்த நேரத்தில், "பரவாயில்லை, நீங்கள் இப்போது செய்ததும் நல்ல காரியம்தான்" என்று தளம் சொல்கிறது. பழைய கேள்வியைத் தேடி எடுத்து 60 நாளுக்குப் பிறகு நல்ல பதில் எழுதுகிறவருக்கும் ஒரு பதக்கம் இருக்கிறது. விதிமுறைப் பக்கத்தில் எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நடந்த செயலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் பதக்கம், இங்கே இதெல்லாம் வழக்கம் என்று அந்த நொடியிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது. இந்த வேலையை மென்பொருள் மனிதரைவிட நன்றாகவே செய்யும்.

எண்ணிக்கையை எட்டினால் பதக்கம் என்று வந்துவிட்டால் கதை வேறாகிறது. இதைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஷ்டன் ஆண்டர்சன், டேனியல் ஹட்டன்லோக்கர், ஜான் கிளைன்பெர்க், யூரே லெஸ்கோவெச் ஆகிய நால்வர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் தரவுகளை எடுத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். 'எலெக்டொரேட்' என்று ஒரு தங்கப் பதக்கம் உண்டு. 600 கேள்விகளுக்கு வாக்களித்திருக்க வேண்டும், ஒருவர் போட்ட மொத்த வாக்குகளில் கால்பங்காவது கேள்விகளுக்குப் போயிருக்க வேண்டும். அந்த எல்லைக் கோடு நெருங்க நெருங்கப் பயனர்கள் கேள்விகளுக்கு வாக்களிப்பது கூடிக்கொண்டே போகிறது. பதக்கம் கைக்கு வந்ததும் சரிந்துவிடுகிறது. ஆகவே பதக்கம் கையைத் திருப்பும் என்பதில் ஐயமில்லை. கோட்டைத் தாண்டியதும் கை பழைய இடத்துக்குத் திரும்பும் என்பதிலும் ஐயமில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வு எண்ணியது செயல்களின் அளவை. அந்த வாக்குகள் நிதானமாகப் படித்துப் போட்டவையா, கடகடவென்று அழுத்தியவையா என்று அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது.

அதை நான் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். நாங்கள் நடத்திய குழுவில், மாதத்துக்கு 50 பதில் எழுதுகிறவருக்கு ஒரு பதக்கம் என்று அறிவித்தோம். அந்த யோசனை என்னுடையதுதான். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவர் இருந்தார். அதற்கு முன்பு வாரத்துக்கு இரண்டு பதில் எழுதுவார். ஒவ்வொன்றும் அவரே நிரலை ஓட்டிப் பார்த்து, பிழைச் செய்தியை ஒட்டி, எந்த வரியில் கோளாறு என்று காட்டி எழுதியது. அறிவிப்பு வந்த மாதத்தின் கடைசி நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு அவருடைய பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. "இதை முயன்று பாருங்கள்." "பதிப்பைச் சரிபாருங்கள்." "எனக்கு வேலை செய்கிறது." எட்டுப் பதில்கள், ஒவ்வொன்றும் ஒரு வரி. நள்ளிரவுக்குள் 50 ஆகிவிட்டது, பதக்கமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மூன்று வாரம் அவர் பக்கமே வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐம்பது ஆனதும் தேர்வு முடிந்துவிட்டது போல இருந்தது, அண்ணா" என்றார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை. விருப்பத்துக்குச் செய்துகொண்டிருந்ததை நான் தேர்வாக மாற்றிவிட்டேன். அந்தப் பதக்கத்தை அந்த வாரமே எடுத்துவிட்டோம். அவருடைய பழைய பதில்களின் தரம் திரும்பிவர நாலைந்து மாதம் ஆயிற்று.

நாள்தோறும் தவறாமல் வந்தாயா என்று எண்ணும் பதக்கங்கள் இதைவிட மோசமானவை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாளுக்கு ஒன்றாகப் பச்சைக் கட்டங்கள் இருக்குமே, அந்த வரைபடம் 2013-ல் வந்தது. தொடர்ந்து எத்தனை நாள் நிரல் எழுதினீர்கள் என்ற கணக்கும் அதன் கீழே இருந்தது. 2016-ல் அந்தத் தொடர்நாள் கணக்கை மட்டும் எடுத்துவிட்டார்கள். எடுத்தபின் என்ன நடந்தது என்று மோல்டன், ஸ்ட்ரோமையர், வாக்ஸ் மூவரும் ஆராய்ந்து 2021-ல் எழுதினார்கள். நீண்ட தொடர்கள் குறைந்தன. சனி, ஞாயிறுகளில் வேலை செய்வதும் குறைந்தது. கணக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுப் போகும் நாட்களும் குறைந்தன. யாரும் கட்டளையிடாமல், பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஓர் எண் இத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் குழுவில் தொடர்நாள் கணக்கு வேண்டவே வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் ஒரு நாளில் அறுந்துபோகிற பெருமை யாருக்கும் நல்லதில்லை.

பொருளாகக் கையில் கிடைக்கும் பரிசு வந்தால் வெளியாட்களும் வந்துவிடுவார்கள். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வை நடத்துகிறது. யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களித்தால் அப்போது டீ-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-ல் நான்கு பங்களிப்பு அனுப்பினால் போதும் என்று இருந்தது. முதல் தேதியே குப்பை வந்து கொட்டியது. திட்டத்தின் முகப்புக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துவிட்டு அதையே பங்களிப்பு என்று ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள், விரும்பி இசைவு தரும் திட்டங்களில் மட்டும் பங்களிப்பு கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள். அனுப்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிட்ஹப் என்றால் என்ன என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்ட மாணவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்ட ஒரே அளவுகோல் எண்ணிக்கை. எண்ணிக்கையைக் கொடுத்தார்கள்.

இப்போது கொஞ்சம் பழைய ஆய்வு ஒன்று. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, இஷ்டம்போல விளையாட விட்ட நேரத்தில், முன்கூட்டியே பேரம் பேசப்பட்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. அது குழந்தைகளை வைத்துச் செய்தது, பெரியவர்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. பின்னர் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 பரிசோதனைகளைத் தொகுத்து 1999-ல் எழுதியபோது, எதிர்பார்க்க வைத்துக் கொடுக்கும் பொருள் பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கிறது என்றும், வாயால் சொல்லும் பாராட்டு கல்லூரி மாணவர்களிடம் ஆர்வத்தைக் கூட்டுகிறது என்றும் கண்டார்கள். இந்தத் தொகுப்பை மறுத்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு, விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் முன்கூட்டியே பேரம், பிறகு கிடைக்கும் பாராட்டு என்ற வேறுபாடு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. 50 பதில் பதக்கத்தை நாங்கள் முன்கூட்டியே அறிவித்தோம், கெட்டுப்போனது.

மனிதர் மனிதருக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு விக்கிப்பீடியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2003 முதல் 'பார்ன்ஸ்டார்' என்ற நட்சத்திரப் படத்தை ஒரு பயனர் இன்னொரு பயனருடைய பேச்சுப் பக்கத்தில் போட்டு, எதற்காக என்று இரண்டு வரி எழுதும் வழக்கம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதைப் பதக்கம் என்றே சொல்கிறார்கள். புள்ளி கிடையாது, அதிகாரம் கிடையாது, யாரும் யாருக்கும் கொடுக்கலாம். மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னவுட் வான் டி ரைட் என்ற இருவர், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிக அதிகம் உழைக்கும் ஒரு சதவீதத்தினரில், அதுவரை பதக்கம் பெறாத 200 பேரைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றவர்களின் உழைப்பு பெறாதவர்களைவிட 60 சதவீதம் கூடியிருந்தது என்று 2012-ல் வெளியிட்டார்கள். ஆனால் அதே இருவர் அடுத்த கட்டமாக, அவ்வளவு தீவிரமாக இயங்காதவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஏற்றம் தெரியவில்லை. அதற்கு நேர்மாறாக, யானா கல்லுஸ் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் சுமார் 4,000 புதியவர்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட பரிசோதனையில், புதியவருக்குக் கொடுத்த சிறு விருது அடுத்த மாதமும் அவர் தங்கியிருப்பதை 20 சதவீதம் கூட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பாராட்டு எல்லோருக்கும் எப்போதும் வேலை செய்யும் என்று சொல்ல இடமில்லை. தொடக்கத்தில் ஒரு தடவை, பிறகு பாரம் சுமப்பவருக்கு ஒரு தடவை என்ற இரு நேரங்களில் அதற்கு வலு இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு, நிறுவப்பட்ட முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். பாராட்டுக்கும் அதுதான். வேலை தெரிந்த ஒருவர், செய்ததை முழுதாகப் பார்த்து, இன்னது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் குறுக்கெழுத்து விளையாட்டு எழுதிய ஒருவர், 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் நிரல்மொழி ஐந்து என்று காட்டுகிறது, மூன்று எழுத்துதானே என்று கேட்டிருந்தார். அதற்கு ஓர் உறுப்பினர் பொறுமையாக விளக்கியிருந்தார். கணினிக்குள் த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி என்று ஐந்து தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன, கண்ணுக்குத்தான் மூன்று. குறியையும் புள்ளியையும் முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்து எண்ண ஆறு வரி நிரல் கொடுத்திருந்தார். அத்தோடு விடாமல், 'கொ' என்பதை ஒரே குறி போட்டும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும், ஆகவே முதலில் இயல்வடிவாக்கம் செய்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். கேட்டவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார். ஆதரவு வாக்கு ஒன்றுகூட விழவில்லை.

மூன்று வாரம் கழித்து என் சொந்த வேலையில் அதே 'கொ' சிக்கலில் மாட்டினேன். தேடியபோது அவருடைய பதில் கிடைத்தது, பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவருக்கு நாலு வரி எழுதினேன். எந்த இடத்தில் மாட்டினேன், அவர் எழுதியதில் எந்த வரி காப்பாற்றியது என்று மட்டும். மறுநாள் பதில் வந்தது: "இரண்டு வருடத்தில் நான் எழுதியதை ஒருவர் கடைசி வரி வரை படித்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது." ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இப்படிப்பட்டவருக்காகவே 'அன்சங் ஹீரோ' என்று ஒரு தங்கப் பதக்கம் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்டும் ஒரு வாக்குகூட விழாத பதில்கள் பத்துக்கு மேல் இருந்து, அவை மொத்தத்தில் கால்பங்காவது இருந்தால் கிடைக்கும். மென்பொருள் அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும், அது பெரிய உதவி. ஆனால் கடைசி வரி வரை படித்தேன் என்று அதனால் சொல்ல முடியாது, ஏனென்றால் அது படிக்கவில்லை. உங்கள் குழுவிலிருந்து ஒதுங்கிய இரண்டு பேரும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, வேலைப் பளு காரணமாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்பதே ஒரு மரியாதை.

அங்கீகாரத்தை வேலைக்குள்ளேயே பதிக்கும் வழியும் ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்கு ஒரு திருத்தம் போனால், அந்தத் திருத்தக் குறிப்பின் அடியில் பிழையைச் சொன்னவர் இன்னார், சோதித்தவர் இன்னார், படித்துச் சரிபார்த்தவர் இன்னார் என்று தனித்தனி வரிகள் இருக்கும். நிரல் எழுதத் தெரியாமல், பிழையை மட்டும் ஒழுங்காகத் தெரிவித்தவர் பெயரும் அந்த வரலாற்றில் நிலையாக இருக்கும். யாரும் அதைப் பதக்கம் என்று சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் மிகக் கண்ணியமான அங்கீகாரம் இதுதான். உங்கள் குழுவிலும் அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து வைப்பீர்களானால், ஒவ்வொரு தொகுப்பின் அடியிலும் எழுதியவர், பிழை சுட்டியவர், எளிமைப்படுத்தியவர் என்று பெயர்களைப் போடுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் மென்பொருளைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதே ஜெஃப் அட்வுட்தான். பதக்கங்களும், பழகப் பழக உறுப்பினருக்கு அதிகாரத்தைக் கூட்டும் நம்பிக்கை நிலைகளும் அதிலேயே வருகின்றன. நிலைகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அவை சாவிகள். மூன்றாம் நிலை மட்டும் கடைசி நூறு நாள் செயல்பாட்டைப் பார்க்கிறது, வருகை குறைந்தால் கீழே இறக்கிவிடும். தேர்வு மாதங்களில் மாணவர்கள் காணாமல் போவார்கள், ஆகவே அந்த அளவுகோல்களைத் தளர்த்தி வையுங்கள். தானாகக் கிடைக்கும் பதக்கங்களில் முதல் விருப்பக்குறி, முதல் திருத்தம் போன்ற முதன்முறைப் பதக்கங்களை விட்டுவைத்து, தொடர்ந்து இத்தனை நாள் வந்தார் என்பது போன்றவற்றை அணைத்துவிடுங்கள். பெயர்களை நல்ல தமிழில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு, நிர்வாகி கையால் மட்டும் கொடுக்கும் பதக்கம் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு எண்ணிக்கை நிபந்தனை எதுவும் வேண்டாம், எப்போது கிடைக்கும் என்ற அறிவிப்பும் வேண்டாம். கொடுக்கும்போது எந்தப் பதிலுக்கு, அதில் எந்தப் பகுதிக்கு என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்பதை உங்களுக்கு நீங்களே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத இரண்டு வரி கிடைக்கவில்லை என்றால் அந்த வாரம் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு மூன்று நான்கு போதும். எல்லோருக்கும் சமமாகப் பங்கிட முயன்றீர்களானால், வரிசையில் நமக்கும் ஒரு நாள் வரும் என்று ஆகிவிடும், பிறகு அதற்கு மதிப்பில்லை.

முதலிடப் பட்டியலைப் பற்றி: தொடங்கிய நாளிலிருந்து கூட்டிய பட்டியலை ஒருபோதும் போடாதீர்கள். நேற்றுச் சேர்ந்தவர் அதைப் பார்த்ததும் தனக்கு இங்கே இடமில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். பட்டியல் வேண்டும் என்று குழுவில் வற்புறுத்தினால், பதிலின்றிக் கிடக்கும் கேள்விகளின் பட்டியலை முகப்பில் போடுங்கள். எங்களுக்கு அது நன்றாக உதவியது.

விண்ணப்பத்தில் போடலாமா என்ற துணைக்கேள்விக்கு என் பதில்: எண்ணிக்கையைப் போட வேண்டாம், சிறந்த மூன்று பதில்களின் இணைப்பைப் போடுங்கள். நான் நேர்காணல் எடுக்கும்போது பதக்க எண்ணிக்கையைப் பார்த்து யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் ஒருவர் எழுதிய விளக்கத்தைப் படித்துவிட்டு, இவரோடு வேலை செய்யலாம் என்று தோன்றி அழைத்ததுண்டு. மற்ற நிறுவனங்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவரவர் பழக்கம்.

என் அனுபவம் சில நூறு பேர் கொண்ட, பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயரளவிலாவது அறிந்த குழுவைச் சேர்ந்தது. பல்லாயிரம் பேர் உள்ள இடத்தில் கையால் கொடுக்கும் பதக்கம் தாக்குப்பிடிக்காது, அங்கே எண்ணிக்கையைத் தவிர்ப்பதும் கடினம். உங்கள் 400 பேருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வாரம் மென்பொருளில் எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஏற்றுக்கொள்ளப்பட்டும் ஒரு விருப்பக்குறிகூட விழாத பதில்கள் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை, அவற்றை எழுதியவர்கள் எத்தனை பேர், ஒதுங்கிய இருவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று எடுத்துப் பாருங்கள். அந்த விவரத்தை இங்கே எழுதினால், எங்கிருந்து தொடங்கலாம் என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.